கைகூப்பும் சிறுத்தை எங்களுக்கு வேண்டாம்

றொசல்ல ரயில் நிலையம் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஊர் இல்லை. பதுளை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்து ரோட்டு வளைவு ஒன்றில் ஒரு சிலை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. சுற்றுலா வேன்கள் நிறுத்தி, தேயிலை மலையைப் பின்னால் வைத்து செல்பி எடுக்கிற வளைவு அது. செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னார். "என்னா சிலைன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க தம்பி, நீங்கதானே படிச்ச புள்ளைங்க" என்று எங்களிடம் விட்டும்விட்டார்.

இரண்டு நாளில் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு மாதிரிப் படம் வந்தது. ஒரு சிறுத்தை. பின்னங்கால் இரண்டிலும் மனிதனைப் போல நிற்கிறது. முன்னங்கால் இரண்டையும் கூப்பி வணக்கம் சொல்கிறது. முதுகில் கொழுந்துக் கூடை, கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கிறது. வாய் நிறையச் சிரிப்பு. காலடியில் மூன்று மொழியிலும் வரவேற்பு.

குழுவில் பாதிப்பேர் உடனே ஹார்ட் போட்டார்கள். "செம க்யூட்" என்று ஒருவன் எழுதினான். எங்களில் ஒருத்தி மட்டும் இப்படிப் போட்டாள்: "கூடையை ஏன் அது முதுகுல ஏத்துனீங்க? எங்கம்மா தூக்குறது போதாதா?"

அங்கே தொடங்கிய சண்டை மூன்று வாரம் ஓடியது. வாசிகசாலையில், ரயிலில், டியூசன் முடிந்து வரும் வழியில் எல்லாம் கதைத்தோம். போனில் தேடித் தேடி உலகத்துச் சிலைகளைப் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் முடிவில் நாங்கள் வந்து சேர்ந்த இடம். எல்லாரும் ஒத்துக்கொண்டோம் என்று பொய் சொல்ல மாட்டோம். பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டோம்.

நாங்கள் சொல்வது இதுதான். சிலையில் விலங்குக்கு மனிதக் குணம் கொடுப்பது தப்பே இல்லை. எந்தக் குணத்தை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. மனிதரிடம் நமக்கு எது பிடிக்குமோ, மனிதரிடம் எதை எதிர்பார்க்கிறோமோ, அதையே விலங்கின் மேல் பூசுகிறோம். கூடை சுமந்து, கைகூப்பி, சிரித்துக்கொண்டு நிற்கும் சிறுத்தையைப் பார்த்தால், தோட்டத்து மனிதர்களிடம் மற்றவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கோயிலில் நாம் பார்த்து வளர்ந்தது

விலங்குக்கு மனிதக் குணம் கொடுப்பதை நாங்கள் எந்த ஓவியப் பள்ளியிலும் கற்கவில்லை. தோட்டத்துக் கோயிலில் பார்த்துத்தான் வளர்ந்தோம். மாரியம்மன் கோயில் சிங்கத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உடம்பு சிங்கம், கண் மனிதக் கண். வெள்ளை விழி, கருமணி, மேலே புருவம்கூட எழுதியிருப்பார்கள். சிலை வேலையில் கண் திறப்பதைக் கடைசியாகத்தான் செய்வார்கள். அதுவரை அது கல், அல்லது சீமெந்து. கண் திறந்த பிறகு அது நம்மைப் பார்க்கிறது. சின்ன வயதில் அந்தச் சிங்கத்துக்கு முன்னால் பொய் சொல்ல எங்களில் பலருக்குப் பயம்.

இதன் வேர் இன்னும் பின்னால் போகிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, மதுரை பக்கத்துக் கிராமங்களில் ஐயனார் கோயிலுக்கு வேளார்கள் மண்ணில் குதிரை செய்து வைப்பார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய குதிரைகளும் உண்டு. விரிந்த கண், தெரியும் பல், கழுத்தில் மணி. குதிரை மேயும்போது அப்படி இருக்காது. ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் ஊரைச் சுற்றி வரும் காவல்காரன் முகத்தில் இருக்கும் விழிப்பைத்தான் அந்தக் குயவர்கள் குதிரைக்குக் கொடுத்தார்கள். 1820களில் இருந்து கடல் தாண்டி இந்த மலைக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் அப்படிப்பட்ட ஊர்களில் இருந்து வந்தவர்கள். மண்குதிரையைக் கப்பலில் ஏற்ற முடியாது, சாமியைத்தான் மனசில் கொண்டுவந்தார்கள். பிறகு இங்கே தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் சீமெந்தில் குதிரை எழும்பியது. சம்பளமும் இல்லாமல் நிலமும் இல்லாமல் கிடந்த காலத்தில்கூடத் தங்கள் விலங்குகளுக்கு அவர்கள் கொடுத்த குணம் காவல். 'எங்களைப் பார்த்துக்கொள்' என்று ஒரு குதிரையிடம் கேட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் குழுவில் ஒருவன் சரியான கேள்வி ஒன்றைப் போட்டான். "அனுமாரும் கைகூப்பித்தானே நிக்கிறாரு? றம்பொடை கோயிலுக்குப் போய் அவரக் கும்பிடுறோம். சிறுத்த கும்புட்டா மட்டும் ஏன் கோவம் வருது?"

இதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. அனுமார் கைகூப்புவது தான் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு. கடலைத் தாண்டியவர், மலையைத் தூக்கியவர், சொல்லின் செல்வன் என்று பெயர் வாங்கியவர் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு குனிகிறார் என்பதால்தான் அந்தக் கும்பிடுக்கு மதிப்பு. ரோட்டு வளைவுச் சிறுத்தை வேனில் யார் வந்தாலும் கும்பிடும். அதற்கு ஒரு கதையும் இல்லை, பலமும் இல்லை. நகத்தையும் பல்லையும் எடுத்துவிட்டுத்தான் அதற்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இல்லாத சிங்கம், இல்லாத புலி, இருக்கிற சிறுத்தை

இலங்கையில் விலங்குச் சிலை வைப்பது வெறும் அலங்கார விசயம் இல்லை. இந்த நாட்டில் மனிதக் குணம் கொடுக்கப்பட்ட விலங்குகளில் மிகப் பிரபலமானது தேசியக் கொடிச் சிங்கம். அது வலது முன்னங்காலில் வாள் பிடித்திருக்கிறது. எந்தச் சிங்கமும் வாள் பிடிக்காது. அந்த ஒரு பிடியில் அது அரசனாகவும் வீரனாகவும் நாட்டுக்குச் சொந்தக்காரனாகவும் ஆகிவிட்டது. கொடியைத் தாண்டி மதில், வாசல், தூபி என்று எத்தனையோ இடத்தில் சிங்கம் உருவமாக நிற்கிறது.

அந்தக் கொடிக்கு ஒரு பழைய கதை உண்டு. அது கண்டி அரசின் கொடி. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்தியாவில் இருந்து வந்த நாயக்கர் வம்சத்தவன். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தார்கள், பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். பள்ளிக்கூடத்தில் அந்தச் சிங்கத்தின் வீரத்தைப் பற்றிப் படித்தோம். இந்தப் பகுதியை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

1948 பெப்ரவரி 4 அன்று சிங்கக் கொடி ஏறியது. அதே வருசம் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிமாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. ஒரு விலங்குக்கு மனிதக் கை கிடைத்த அதே வருசத்தில் இலட்சக்கணக்கான மனிதர்களுக்கு வாக்குப் போடும் கை இல்லாமல் போக வழி திறந்தது. 1964இல் வந்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பெருந்தொகையானோரைக் கப்பல் ஏற்றியது. மிச்சமிருந்தோருக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது.

இன்னொரு பக்கம் புலி. வரிப்புலி இந்தத் தீவின் காட்டில் கிடையாது. சிங்கமும் இன்று இங்கே கிடையாது. இல்லாத இரண்டு விலங்குகளுக்கு வீரம், கோபம், மானம் எல்லாம் கொடுத்து, அவற்றின் பெயரில் முப்பது வருசம் மனிதர்கள் செத்தார்கள். சிங்களத்தில் சிறுத்தைக்குக் 'கொட்டியா' என்று பெயர். இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயரிலேயே அது இருக்கிறது: பாந்தெரா பார்டஸ் கொட்டியா. யுத்த காலத்தில் அதே சொல் தமிழர்களைப் பார்த்துச் சொல்லும் சொல்லாக மாறியது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த எங்கள் மாமாமார், அக்காமார் வடக்கை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் செக்பொயின்ட்டில் ஐடி நீட்டும்போது அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள்.

உண்மையில் இங்கே வாழ்வது சிறுத்தை மட்டும்தான். எங்கள் மலைகளில் தேயிலைக்கும் மிச்சமிருக்கிற காட்டுத் துண்டுக்கும் நடுவில் வாழ்கிறது. அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் போன்ற ஆய்வாளர்கள் மத்திய மலைநாட்டில் கமரா கட்டிப் பல வருசமாக அதைப் பின்தொடர்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்ஷபான தோட்டப் பகுதியில், ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. இந்த நாட்டில் மிக அரிதாகவே காணப்படும் விலங்கு. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். சில நாளில் செத்துப்போனது. சுருக்கு கழுத்தை அறுத்த படத்தை பேஸ்புக்கில் எல்லாரும் பகிர்ந்தோம், அழுகை இமோஜி போட்டோம்.

நாங்கள் சுத்தமானவர்கள் என்று இங்கே எழுதவில்லை. மலைநாட்டில் கம்பி வைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் கடனை யார் கட்டுவது? வைப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. கொழுந்து பறிக்கும்போது தேயிலைக்குள் படுத்திருந்த சிறுத்தை பாய்ந்து காயம்பட்ட பெண்களும் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "சிறுத்தை நம் தோழன்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. லயத்துக்குப் பின்னால் நாய் காணாமல் போன ராத்திரி எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது.

இத்தனையும் நடக்கிற இடத்தில்தான் சிரிக்கும் சிறுத்தையை வைக்கச் சொல்கிறார்கள். சுருக்கில் சாகும் விலங்கும் கிடையாது, பாய்ந்து கடிக்கும் விலங்கும் கிடையாது. வருகிறவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக ஒரு பொம்மை.

வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள்

'அப்போ எப்படித்தான் செய்யணும்?' என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். நவீன சிற்பத்தில் தேடிப் பார்த்தபோது, விலங்குக்கு மனிதக் குணம் கொடுத்த பெரிய வேலைகள் பல கண்ணில் பட்டன. அவற்றில் ஒன்றுகூட நம்மை வரவேற்கவில்லை.

பிக்காசோ 1951இல் ஒரு குரங்கம்மாவைச் செய்தார், மார்பில் குட்டியோடு. அதன் தலை எதால் ஆனது தெரியுமா? அவருடைய மகன் குளோடின் விளையாட்டுக் கார் இரண்டை அடியோடு அடி சேர்த்து வைத்திருக்கிறார். காரின் முன்பக்கம் குரங்கின் முகமாகிவிட்டது. பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள். பிள்ளையின் விளையாட்டுச் சாமானே தாயின் முகமாகிற வேலை அது. எங்கள் லயத்து அம்மாமாருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அந்தக் குரங்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை இருக்கிறது.

பாரி ஃபிளனகன் என்ற பிரிட்டிஷ் சிற்பி முயல்களாகச் செய்து தள்ளியவர். 1997இல் அவர் செய்த ஒரு முயல் வாஷிங்டனில் பாறை மேல் உட்கார்ந்து, ரோடானின் 'சிந்தனையாளன்' போலக் கையைத் தாடையில் வைத்து யோசிக்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பு முயலைப் பார்த்து வருவதில்லை. யோசிக்கிற மாதிரி போஸ் கொடுக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்து வருகிறது. விளையாட்டுத்தனமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை என்பதற்கு இந்த முயல் சாட்சி.

எங்களை அதிகம் நிறுத்தியது லூயிஸ் பூர்ஷ்வாவின் சிலந்தி. 1999இல் செய்தது, ஒன்பது மீற்றருக்கு மேல் உயரம், பெயர் 'மமோன்', அதாவது அம்மா. மெல்லிய உருக்குக் கால்கள், வயிற்றுக்குக் கீழே ஒரு கூட்டில் பளிங்கு முட்டைகள். பூர்ஷ்வாவின் அம்மா பழைய திரைச்சீலைகளைத் தைத்துச் சரிசெய்யும் வேலை செய்தவர். சிலந்தியும் நூற்கிறது, கிழிந்தால் மறுபடி நூற்கிறது. அதனால் அம்மாவைச் சிலந்தியாக்கினார். கீழே நிற்பவருக்குப் பயம் வரும், அண்ணாந்து பார்த்தால் அது முட்டைகளைப் பாதுகாக்கிறது என்று தெரியும். உழைக்கிற அம்மாவைச் செய்வதென்றால் தலையில் துணியும் உதட்டில் சிரிப்பும்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? விடியற்காலை நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மழையில் மலையேறும் அம்மாவிடம் கொஞ்சம் பயமும் இருக்கத்தானே செய்கிறது நமக்கு?

இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் ஜேன் அலெக்சாண்டர் 1985-86இல் செய்த 'புட்சர் போய்ஸ்' கேப்டவுன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு பெஞ்சில் மூன்று ஆண்கள், ஆள் அளவு. உடம்பு மனிதன், தலையில் விலங்கின் கொம்பு, வாய் இல்லை. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. மற்றவர்களை விலங்காக நடத்துகிறவன் தானும் எதுவாகிறான் என்று அந்த பெஞ்சு கேட்கிறது. போனில் படத்தைப் பார்த்ததற்கே எங்களில் இரண்டு பேர் அன்று ராத்திரி தூங்கவில்லை.

தூரத்துக்கே போக வேண்டியதில்லை. நம் நாட்டு லக்கி சேனாநாயக்க 2021இல் காலமானார். கண்டலம ஹோட்டலில் படிக்கட்டுக்கு மேலே இறக்கை விரித்த பெரிய உலோக ஆந்தை அவர் செய்தது. ஆந்தைக்கு இயல்பாகவே இரண்டு கண்ணும் முன்னால் இருக்கின்றன, மனித முகம் போல. அதற்கு மேல் அவர் எதையும் ஒட்டவில்லை. தட்டு ஏந்தவில்லை, தொப்பி போடவில்லை. சுற்றுலாக்காரர் வரும் ஹோட்டல்தான், ஆந்தை ஆந்தையாகத்தான் பறக்கிறது. 1979இல் வந்த ரூபா நோட்டுகளை வடிவமைத்தவரும் இவரே. தலைவர்களின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இந்தத் தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வைத்தார்.

சென்னைக்குப் பக்கத்தில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைக் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கினார். அவருடைய மகன் எஸ். நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் உருவங்களைப் பற்றவைத்தார். சாமியும் பறவையும் விலங்கும் ஒரே தகட்டில் பிணைந்து நிற்கும். கோயிலில் பார்த்து வளர்ந்ததை வைத்துக்கொண்டே நவீனமாகச் செய்யலாம் என்பதற்கு அவரும் அவர் கூட்டாளிகளும் போதும். எங்கள் தோட்டத்துக் கோயில் சிங்கத்தின் கண்ணில் இருந்து தொடங்க முடியும் என்ற தைரியம் எங்களுக்கு அங்கேதான் வந்தது.

"சிலைதானே, விடுங்க" என்கிறவர்களுக்கு

எங்களுக்குள்ளேயே வந்த மறுப்புகளை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உண்மைதான், பிடிக்கும். ஆனால் பிள்ளைகளுக்குக் கோயில் சிங்கமும் பிடிக்கும், பயந்துகொண்டே தொட்டுப் பார்ப்பார்கள். சிரிக்கிற விலங்கைத்தான் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்பது பெரியவர்களின் நினைப்பு. சிறுத்தைக்குக் கைகொடுக்கலாம் என்று சிலை சொல்லிக்கொடுத்தால், தேயிலைக்குள் சிறுத்தைக் குட்டியைப் பார்க்கிற பிள்ளை என்ன செய்யும்? தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, சுற்றுலாக்காரர் நிறுத்தினால் நாலு பேருக்கு வருமானம். இதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. வளைவில் வடை போடும் அக்காவின் வருமானம் எங்களுக்கும் முக்கியம். ஆனால் வேன் நிறுத்துவது தேயிலை மலைக்காக. நல்ல சிலை இருந்தால் இன்னும் பத்து நிமிசம் நிற்பார்கள். மோசமான சிலையோடு ஒரு செல்பி, உடனே அடுத்த வளைவு. நல்ல சிலையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கிறவர்தான் டீயும் குடிப்பார்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. "மனுசனுக்கே மரியாத இல்லாத இடத்துல சிறுத்தையோட மரியாதைக்கு ஏன் சண்டை?" என்று ஒரு அண்ணன் கேட்டார்.

அண்ணே, நாங்கள் சிறுத்தையின் மரியாதைக்காக மட்டும் சண்டை பிடிக்கவில்லை. அந்தச் சிறுத்தையின் முதுகில் இருப்பது யாருடைய கூடை? தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'பேர்' என்கிறோம். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர். முழு மனுசிக்கு அரைப் பெயர் எழுதுகிற செக்ரோல் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021 வரை, வருசக்கணக்காகப் போராடினார்கள். அந்த வேலையின் கூடையை எடுத்து, சிரிக்கிற மிருகம் ஒன்றின் முதுகில் மாட்டினால் அது வேலையைக் கேலி செய்வதுதான். கூடை பாரம் இல்லை, சுமப்பது சந்தோசம், யார் வந்தாலும் கும்பிடுவோம் என்று நாங்கள் சொல்லாததை எங்கள் பெயரில் அந்தச் சிலை சொல்லும். மழையில் வெயிலில் இருபது வருசம் நின்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

கூடையை எடுத்துவிட்டு ஒரு கொழுந்துக்காரப் பெண்ணையே சிலையாக வைக்கலாமே என்றும் பேசினோம். செய்யலாம். ஆனால் அதற்கும் இதே கேள்வி வரும். விளம்பரங்களில் வருகிற பெண் ஏற்கனவே கைகூப்பிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். கம்பளைப் பக்கம் பழைய லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில், அவர்கள் பாவித்த சாமான்களைப் பாருங்கள். தேய்ந்த கவ்வாத்துக் கத்தி எதுவும் சிரிக்காது. ஆனால் அதைப் பிடித்த கையை நாம் நினைத்துப் பார்க்கிறோம்.

நாங்கள் கேட்டது

கடைசியில் சிலை செய்கிற அண்ணனையே போய்ப் பார்த்தோம். கோயில் வேலைகள் செய்கிறவர். எங்கள் கதையை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, சிரிப்பு வச்சா தப்பு தெரியாது. அதான் எல்லாரும் சிரிக்க வைக்கிறோம். ரெண்டு கால்ல நிக்க வச்சா வால மூணாவது காலா ஊன்டிறலாம், கம்பி கம்மி, சீமெந்து கம்மி. நீங்க சொல்ற மாதிரி பாறை மேல படுத்து, தலைய மட்டும் திருப்பிப் பாக்குற சிறுத்தன்னா, தோள்பட்டை எலும்பு எங்க ஏறும், எங்க இறங்கும்னு தெரியணும். அது வேல."

"அண்ணே, உங்களால முடியாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முடியாதுன்னு யாரும்மா சொன்னா? இதுவர யாரும் கேக்கல" என்றார்.

நாங்கள் கேட்டிருப்பது இதுதான். ஒரு சிறுத்தை, பாறை மேல், சிறுத்தை படுக்கிற மாதிரியே. கூடை இல்லை, கும்பிடு இல்லை, சிரிப்பும் இல்லை. மனிதக் குணம் ஒன்றே ஒன்று வைத்தால் போதும், அதுவும் கண்ணில் மட்டும். ரோட்டில் வருகிறவரை 'நீ யார், எதுக்கு வந்திருக்கே' என்று நிதானமாகப் பார்க்கிற பார்வை. கோபம் வேண்டாம். தன் இடத்தில் இருக்கிற ஒருவர் வாசலில் வருகிறவரைப் பார்ப்பாரே, அப்படி. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தபோது, நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள் என்றுதானே சொன்னார்கள்? வந்தவரை வரவேற்பது வீட்டுக்காரர் செய்கிற வேலை. வாசலில் நின்று யார் வந்தாலும் கும்பிடுவது வேலைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்த வேலை.

செலவு கூடும். பெரியவர் திருவிழா முடியட்டும், பிறகு கதைப்போம் என்றிருக்கிறார். "பயமா இருக்குமே தம்பி" என்று இழுக்கிறார். ஆகவே இன்னும் முடிவு வரவில்லை. வளைவு காலியாகத்தான் இருக்கிறது. கும்பிடும் சிறுத்தை அங்கே வருவதைவிட அது காலியாக இருப்பதே மேல் என்று எங்களில் பெரும்பாலானோர் நினைக்கிறோம்.

உங்கள் தோட்டத்தில், டவுனில், பள்ளிக்கூட வாசலில் ஏதாவது ஒரு விலங்குச் சிலை இருக்கும். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிசம் நின்று பாருங்கள். அதற்கு எந்த மனிதக் குணத்தைக் கொடுத்திருக்கிறார்கள்? அந்தக் குணம் யாருக்கு வசதி? படம் எடுத்து, நாலு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நல்ல சிலையாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். செய்தவர் பெயர் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டு மறக்காமல் எழுதுங்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.